இரண்டு பெயர் கொண்ட கிருமி

ராஜபாளையம் நாயின் பெருமை ஊரறிந்தது. வெள்ளை வெளேரென்ற மேனி, இளஞ்சிவப்பு மூக்கு, திருடனைக் கண்டால் விடாத பிடி. 2005-ல் இந்தியத் தபால் இலாகா அதன் உருவத்தைத் தபால் தலையிலேயே பொறித்துக் கௌரவித்தது. ஆனால் அத்தகைய வீரனையும் படுக்க வைத்துவிடும் எதிரி ஒன்று உண்டு. அது காது மடலிலும் கால் விரல் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் உண்ணி. உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமியை உடலுக்குள் விட்டுவிட்டும் போகிறது.

விருதுநகரிலோ சிவகாசியிலோ ஒரு கால்நடை வைத்தியர் நாயின் இரத்தத்தில் ஒரு துளி எடுத்து, சாயம் தோய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். இப்படி ஒட்டுண்ணியைத் தேடும் கலைக்குச் சென்னை செய்த தொண்டு பெரிது. அந்தத் தொண்டில் முதலிடம் பெறுபவர்களில் ஒருவர் டாக்டர் சார்லஸ் டானவன்.

டானவன் ஐரிஷ்காரர். ஆனால் பிறந்தது கல்கத்தாவில், 1863-ல். தகப்பனார் வங்காளத்தில் நீதிபதி உத்தியோகம் பார்த்தவர். பையன் படிப்புக்காக அயர்லாந்தில் கார்க் நகரத்திலிருந்த பாட்டனாரிடம் அனுப்பப்பட்டான். அங்கே வைத்தியம் படித்துத் தேறி, 1891-ல் இந்திய வைத்திய சர்வீஸில் சேர்ந்து, பிறந்த நாட்டுக்கே திரும்பினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர், ஜெனரல் ஆஸ்பத்திரியில் வைத்தியர் என்று இரண்டு பொறுப்புகளையும் ஏற்றார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒருவகைக் காய்ச்சல்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாரக்கணக்கில் விடாத காய்ச்சல். உடம்பு எலும்பாகும், வயிறு மட்டும் பானைபோல் பருக்கும். உள்ளே மண்ணீரல் வீங்கியிருக்கும். மலேரியா என்று எண்ணிக் கொயினா கொடுத்தால் பலன் இல்லை. வடக்கே இதற்குக் காலா-அசார், அதாவது கருங்காய்ச்சல் என்று பெயர். வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

1903 ஏப்ரலில், இறந்த ஒரு நோயாளியின் மண்ணீரலை டானவன் சோதித்தபோது, சின்னஞ்சிறு முட்டை வடிவத்தில் விசித்திரமான பொருள்கள் தென்பட்டன. அவை என்னவென்று விளங்கவில்லை. மே மாதக் கடைசியில் லண்டன் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டரின் கட்டுரை வெளிவந்தது. கல்கத்தா அருகே டம்டம் பாசறையில் நோய் கண்டு இங்கிலாந்தில் மாண்ட சிப்பாயின் மண்ணீரலில், 1900-ல் அவரும் இதே பொருள்களைப் பார்த்திருந்தார். அவை வேறொரு கிருமி சாவுக்குப் பின் சிதைந்து உருமாறியவை என்பது அவர் ஊகம்.

அந்த ஊகம் சரியா? உயிரோடு இருப்பவரின் உடம்பில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் வீங்கிய மண்ணீரலில் ஊசி ஏற்றுவது விளையாட்டல்ல. உள்ளே இரத்தம் பெருகினால் உயிருக்கே ஆபத்து. ஜூன் 17-ந் தேதி, காய்ச்சலில் வாடிய 12 வயதுப் பையன் ஒருவனின் மண்ணீரலிலிருந்து டானவன் இரத்தம் எடுத்தார். அதிலும் அதே முட்டை வடிவங்கள்! சாவுக்குப் பிந்தைய சிதைவு அல்ல, உயிருள்ள நோய்க்கிருமியே என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. அந்தப் பெயர் தெரியாத சிறுவனுக்கும் இந்தக் கண்டுபிடிப்பில் பங்கு உண்டு.

கண்டதை ஜூலையில் பிரசுரித்த டானவன், கண்ணாடித் தகடுகளைப் பாரிஸில் லாவரானுக்கும், லிவர்பூலில் ரொனால்ட் ராஸுக்கும் அனுப்பினார். லாவரான் இது நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணிக் காய்ச்சல் தரும் பைரோபிளாஸ்மா குடும்பம் என்று கருதி, அதற்கு டானவன் பெயரைச் சேர்த்தார். ராஸோ, இது புதுக் குலம் என்றார். இதற்கிடையே, முதலில் கண்டது யார் என்று லீஷ்மனுக்கும் டானவனுக்கும் பத்திரிகையிலேயே வாக்குவாதம் மூண்டது. ராஸ் அந்த வழக்கைத் தீர்த்த விதம் அழகானது. குலப்பெயரை லீஷ்மனுக்கும், இனப்பெயரை டானவனுக்கும் கொடுத்து, லீஷ்மானியா டானவனி என்று பெயர் சூட்டினார். இன்றுவரை அதுவே நிலைத்திருக்கிறது.

குலம் தெரிந்தாலும் பரப்புவது எது என்பது தெரியவில்லை. சென்னையில் மூட்டைப்பூச்சியின்மேல் சந்தேகம் விழுந்தது. 1908-ல் டூனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோல் நாய்களிடம் இக்கிருமியின் உறவினத்தைக் கண்டார். அந்நோய் கண்ட நாய்க்குக் கண்ணைச் சுற்றி மயிர் உதிரும். தோல் செதில் செதிலாகும். காது ஓரம் புண்ணாகும். நகம் அளவுமீறி வளரும். சென்னையிலும் தெருநாய்களைச் சோதித்தார்கள், இக்கிருமி அகப்படவில்லை. இந்தியாவில் இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கே செல்கிறது, எடுத்துச் செல்வது மணல் ஈ என்பதை 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் ஐயமற நிரூபித்தார்கள்.

நாய்களைச் சோதித்த உழைப்பு வேறிடத்தில் பலன் தந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றிய பாட்டன், 1910-ல் சென்னையின் வேட்டை நாய்களின் இரத்தத்தில் புதிய உண்ணிக் காய்ச்சல் கிருமியை விவரித்தார். பபீசியா கிப்சோனி என்ற பெயரில் உலகத்துக் கால்நடை வைத்தியர் எல்லோரும் இன்று அறிந்த கிருமி அது. டானவனோ 1905-ல் தோலை அரித்துப் பரவும் ஒரு புண்ணின் கிருமியையும் கண்டார். டானவன் உருக்கள் என்றே அவை வழங்குகின்றன.

பின்னாளில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற டானவன், இங்கிலாந்தில் குடியேறி, அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து பொழுது போக்கினார். 1951-ல், 88-வது வயதில் காலமானார். அவர் கண்ட காய்ச்சலுக்கு உபேந்திரநாத் பிரம்மச்சாரி முதலானோர் மருந்து கண்டார்கள். இன்று அது இந்தியாவில் ஒழியும் தறுவாயில் இருக்கிறது.

டானவன் வாழ்வு கற்பிப்பது ஒன்றே: ஊகித்து மருந்து போடாதே, முதலில் பார். நாய் சொறிந்தால் சிரங்குப் பூச்சியா, படையா என்பதைத் தோலைச் சுரண்டி எடுத்துச் சோதித்தாலே தெரியும். சிலர் எரிந்த எஞ்சின் எண்ணெயைத் தடவுகிறார்கள். பட்டாசுக்கு வாங்கிய கந்தகத்தைக் குழைத்துப் பூசுகிறார்கள். கந்தகம் சொறிக்குப் பழைய மருந்துதான். ஆனால் வைத்தியர் அளந்து கொடுக்கும் கந்தகம் வேறு, வெடிக்கலவைக் கந்தகம் வேறு. நாய்க்கு அடிக்கும் பெர்மெத்ரின் மருந்து பூனையின் உயிரையே குடித்துவிடக் கூடும்.

மைக்ராஸ்கோப்பில் ஒரு துளி இரத்தம் சொல்லும் உண்மையை, தெருக்கோடி யோசனைகள் ஆயிரம் சேர்ந்தாலும் சொல்லிவிட முடியாது.