தந்திக்கு மூச்சளித்த மேதை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

நாகசுரத்திற்கு மூச்சு உண்டு. வீணைக்கு மூச்சு இல்லை. ஊதுபவரின் மூச்சு நீடிக்கும் வரை குழலின் நாதமும் நீடிக்கும். தந்தியின் நாதமோ விரல் மீட்டிய கணத்தில் பிறந்து, அக்கணம் முதலே தேயத் தொடங்குகிறது. இது இயற்கை வகுத்த வேறுபாடு. இந்த வேறுபாட்டோடு வாழ்நாளெல்லாம் மல்லாடி, தந்தியையும் மூச்சுவிடச் செய்த மேதை ஒருவர் நம் மயிலாப்பூரில் பிறந்தார். அவரே வீணை எஸ். பாலச்சந்தர்.

கருநாடக இசையை முறையாகக் கற்றறியாத நான் அவரைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக் குழுவோடு சாக்ஸபோன் வாசிப்பவர். அவர் வாசிக்கும் மெட்டுகளை, பழைய கடையில் வாங்கிய ஒரு கிதாரில் வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சுரங்களைக் கண்டுபிடிப்பது அரிதாக இல்லை. ஆனால் அவர் ஒரு சுரத்தைப் பிடித்து மெல்ல வளர்த்து அடுத்த சுரத்தில் இறக்கும் இடத்தில், என் கிதாரில் 'டங்' என்று ஓர் ஒலி எழுந்து மறைந்துவிடும். ஓராண்டு முயன்று சோர்ந்திருந்த வேளையில், நண்பர் ஒருவர் தம் கைப்பேசியில் பாலச்சந்தரின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார். கேட்பது வீணைதானா, நாகசுரமா என்று என் செவி ஐயுற்றது. அன்று முதல் அவர் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

மயிலையில் ஓர் இசைக் குடும்பம்

பாலச்சந்தர் 1927ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 18ஆம் நாள் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வழக்கறிஞர்; கலைகளில் பெரும் நாட்டம் கொண்டவர். அண்ணன் எஸ். ராஜம் பாபநாசம் சிவனிடம் இசை பயின்று, பின்னாளில் பாடகராகவும் ஓவியராகவும் புகழ் பெற்றார்.

1934இல் பிரபாத் நிறுவனத்தாரின் 'சீதா கல்யாணம்' திரைப்படம் வெளிவந்தது. அதில் ராஜம் இராமராகவும், தமக்கை ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். பாலச்சந்தரோ இராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் தோன்றினார். அப்போது அவருக்கு வயது ஏழு! நம்மில் பலர் பள்ளியில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் பருவம் அது.

ஆசான் இல்லாத வித்தை

கஞ்சிராவோடு அவர் நின்றுவிடவில்லை. ஆர்மோனியம், தபேலா, சித்தார் என ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். எடுத்ததையெல்லாம் தாமே பழகினார். இறுதியில் வீணைக்கு வந்து சேர்ந்தார். வீணையையும் எந்தக் குருவிடமும் அமர்ந்து பயிலவில்லை. குருகுல மரபில் ஊறிய நம் இசையுலகில் இது எளிய செய்தியன்று. இன்னார் சீடர் என்பதே ஒரு வித்துவானுக்கு முதல் அறிமுகமாக இருந்த காலம் அது.

ஆசான் இல்லாமல் கற்றார் என்றதும், யாரும் எதுவும் தராமலே வென்றார் என்று கொள்ளலாகாது. பிறந்த நாள் முதல் நல்ல இசை அவர் வீட்டில் ஒலித்தது. விரலுக்குத்தான் ஆசான் இல்லை. செவிக்கு ஆசான்கள் பலர் இருந்தனர். இதை எண்ணியபோது என் நிலையும் எனக்கு விளங்கியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் பாடநூலைப் பார்த்து விளக்கிச் சொல்ல வீட்டில் எவரும் இல்லை என்று குறைப்பட்டதுண்டு. ஆனால் இசையில் என் செவிக்கு ஓர் ஆசான் வீட்டிலேயே இருந்தார்; அதை அறியாமல் இருந்தது என் குறையே.

ஒரு மெட்டில் பல சுரங்கள்

வீணையில் ஏழு தந்திகள் உண்டு. நான்கு வாசிப்பதற்கு, மூன்று தாளத்திற்கும் சுருதிக்கும். தண்டியின் மேல் மெழுகில் 24 மெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மெட்டிலும் விரலை வைத்து மீட்டினால் ஒவ்வொரு சுரம் பிறக்கும். ஆனால் சுரத்திற்குச் சுரம் மீட்டிக்கொண்டே போனால் படிக்கட்டில் ஏறும் ஓசைதான் கேட்கும், இராகம் கேட்காது.

பாலச்சந்தர் ஒரே மெட்டில் விரலை வைத்து, ஒரு முறை மீட்டி, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்தே பல சுரங்களை வரவழைத்தார். ஒலி தேய்ந்து மறைவதற்குள் ஒரு முழுச் சொற்றொடரைப் பாடி முடித்துவிடுவது போன்றது அது. தந்தியை இழுக்கும் வழக்கம் வீணைக்குப் புதிதன்று. அவர் அதைக் கொண்டு சென்ற தொலைவே புதிது.

இதன் அருமை எனக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில்தான் விளங்கியது. சுரமானியில் எடைகளை மாற்றி மாற்றித் தொங்கவிட்டு நாம் சோதனை செய்கிறோம் அல்லவா? தந்தியின் அதிர்வெண், அதன் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது விதி. சட்சமத்திலிருந்து சுத்த மத்திமத்திற்கு அதிர்வெண் 4/3 மடங்கு. ஆகவே இழுவிசை 16/9, அதாவது ஏறத்தாழ 1.78 மடங்காக வேண்டும். பஞ்சமத்தை எட்டவேண்டுமானால் 2.25 மடங்கு! இந்த விசையை அளப்பதற்கு அவரிடம் தராசு இல்லை. இடக்கை விரல்களும் செவியுமே இருந்தன. இழுவை சற்றே மிகுந்தால் சுருதி பிசகும், குறைந்தாலும் பிசகும். இதைக் கணக்கிட்ட அன்று மாலையே நானும் கிதாரில் முயன்றேன். தந்தி அறுந்ததுதான் மிச்சம்.

திரையும் வீணையும்

திரையுலகிலும் அவர் தனி வழி கண்டார். 'இது நிஜமா' (1948) படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். ஏ.வி.எம். நிறுவனத்திற்காக அவர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வெளிவந்தது. 1943ஆம் ஆண்டு சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய காலத்தில் நடந்த ஒரு கொலையைப் பலர் பார்வையில் சொல்லும் கதை அது. சிவாஜி கணேசன் நடித்த அப்படத்தில் ஒரு பாடல்கூட இல்லை! இசையையே உயிராகக் கொண்டவர் பாடலே இல்லாமல் படமெடுத்தது வியப்பன்றோ? எங்கே ஒலிக்கவேண்டும் என்பதைப் போலவே எங்கே மௌனம் வேண்டும் என்பதையும் அறிந்தவர் அவர். 'பொம்மை' (1964) படத்தில் கே.ஜே. யேசுதாசைத் தமிழுக்கு அறிமுகம் செய்தார். 'நடு இரவு' (1970) படத்திற்குப் பின் திரையை விடுத்து வீணையோடு ஒன்றினார்.

1960களில் அமெரிக்காவின் வேர்ல்டு பசிபிக் நிறுவனம் அவருடைய வீணை இசைத்தட்டுகளை வெளியிட்டது. ஜாஸ் இசைத்தட்டுகளால் பெயர் பெற்ற நிறுவனம் அது. இதில் ஒரு பொருத்தம் உண்டு. அந்நாட்டில் சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞர் மின்கிதாரில் சாக்ஸபோன் போன்ற நடையை வாசித்துப் புகழ் பெற்று, 1942இல் 25 வயதிலேயே மறைந்தார். நம் நாட்டிலோ கத்ரி கோபால்நாத் (1949–2019) சாக்ஸபோனையே கருநாடக இசைக்குப் பழக்கினார். ஒரு வாத்தியம் மற்றொன்றிடம் கடன் கேட்பது கலையுலகின் வழக்கமே.

1982இல் பாலச்சந்தருக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது. புகழோடு பூசல்களும் சேர்ந்தே வந்தன. புதிய இராகங்கள் குறித்துப் பாலமுரளிகிருஷ்ணாவோடு வாதிட்டார். சுவாதித் திருநாள் மன்னரின் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் அவருடையவை அல்ல என்று 1980களில் அவர் எழுப்பிய வழக்காடல் பலரைச் சினங்கொள்ளச் செய்தது. அவர் கூற்றை ஏற்காதோர் பலர். தாமே கற்றவர்க்குத் தம் முடிவில் உறுதி மிகுதி. அதுவே அவர் வலிமை, சில வேளை அவர் குறையும்கூட.

1990ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், தம் ஊரிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள பிலாய் நகரில் அவர் காலமானார். அவரிடம் பயின்ற ஜெயந்தி குமரேஷ் போன்றோர் வழியே அவர் கலை தொடர்கிறது. குருவின்றிக் கற்றவர் பிறருக்குக் குருவானார்.

அண்மையில் ஒரு நாள், தந்தையார் வாசிக்கும் மெட்டொன்றைக் கிதாரில் தந்தியை இழுத்து வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்தவர், நான் எங்குமே மூச்சு வாங்கவில்லை என்றார். ஊதுபவன் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில்தான் ஒரு வாக்கியம் முடிகிறது என்று விளக்கினார். நாதத்தை நீட்டுவதையே எண்ணியிருந்த எனக்கு, நிறுத்துவதும் மூச்சின் பகுதியே என்பது அப்போதுதான் புரிந்தது. பாடலே இல்லாத அந்தப் படம் அக்கணம் நினைவுக்கு வந்தது.

மறுபடி வாசித்தேன். இன்னும் சரியாக வரவில்லை. ஆயினும் இம்முறை அவர் தம் சாக்ஸபோனை எடுத்து உடன் வாசித்தார்.