பாதியில் நின்ற படிப்பு

அண்மையில் பல்கலைக்கழகப் பாடம் ஒன்றுக்காக ‘அல்ஜீரிய ஜமீலா’ என்ற அரபுத் திரைப்படத்தைப் பார்த்தேன். எகிப்திய இயக்குநர் யூசெஃப் ஷாஹின் 1958ல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட ஜமீலா பூஹிரெட்டைப் பற்றியது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் அத்தண்டனை நிறைவேற்றப்படவில்லை. ஜமீலா 1962ல் விடுதலையாகி, சுதந்திர அல்ஜீரியாவைக் கண்ணாரக் கண்டார்.

அதே தலைமறைவுக் குழுவில் இருந்த இன்னொரு பெண்ணுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் ஹசீபா பென் பூஅலி. இறந்தபோது அவருக்கு வயது 19. என்னைவிட ஒரு வயது குறைவு.

ஹசீபா 1938ல், இன்று ஷ்லெஃப் எனப்படும் நகரில் பிறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோதே குடும்பம் தலைநகர் அல்ஜியர்சுக்குக் குடிபெயர்ந்தது. பிரான்ஸ் 1830லேயே அல்ஜீரியாவுக்குள் நுழைந்துவிட்டது. ஆனாலும், நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உயர்நிலைப் பள்ளிவரை சென்ற அல்ஜீரியப் பிள்ளைகள் மிகச் சிலரே. ஹசீபா அந்தச் சிலரில் ஒருவர். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் இன்னொரு மொழி என்று வளர்வது எனக்கும் பழக்கம்தான். ஆனால், என் வகுப்பு மொழி என்னை என் சொந்த நாட்டில் இரண்டாந்தரக் குடிமகளாக்கவில்லை.

1954 நவம்பரில் விடுதலைப் போர் தொடங்கியது. 1956 மே மாதம், வகுப்புகளையும் தேர்வுகளையும் புறக்கணித்துப் போராட்டத்தில் சேருமாறு அல்ஜீரிய மாணவர் சங்கம் அழைப்பு விடுத்தது. பட்டச் சான்றிதழ் இனி எதற்கு என்று கேட்ட தலைமுறை அது. ஹசீபாவும் அவ்வாண்டில் தலைமறைவுக் குழுவில் இணைந்தார். வெளிர் நிறமும் பிரெஞ்சுப் படிப்பும் கொண்ட அவரால் ஐரோப்பியப் பெண்ணைப்போல உடுத்திச் சோதனைச் சாவடிகளைக் கடக்க முடிந்தது. குண்டு தயாரிக்கும் குழுவுக்கு அது பேருதவியாக இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்குத் தயக்கம் வருகிறது. அக்குழு வைத்த குண்டுகள் ராணுவ முகாம்களில் வெடிக்கவில்லை. காப்பிக் கடைகளில் வெடித்தன. சாதாரண மக்கள், அவர்களுள் என் வயதினர்கூட, மாண்டார்கள். அதற்குமுன் 1956 ஆகஸ்டில், அல்ஜீரியர் வாழும் கஸ்பா பகுதியில் பிரெஞ்சுத் தீவிரவாதிகள் வைத்த குண்டு, வீடுகளை இடித்துப் பலரைக் கொன்றிருந்தது. கோபத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால், காரணம் புரிவதால் மாண்டவர்களின் கணக்கு குறைந்துவிடாது.

1957 ஜனவரியில் நகரின் காவல் அதிகாரம் ஜெனரல் மசூவின் வான்குடைப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. கைதும் சித்திரவதையும் அன்றாடக் காட்சியாயின. செப்டம்பரில் குழுவின் தலைவர் யாசெஃப் சாதி பிடிபட்டார். அக்டோபர் 8ஆம் தேதி, கஸ்பாவில் ஒரு வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த நால்வரைப் படையினர் சுற்றி வளைத்தனர். ஹசீபா, அலி லா புவான்ட், மஹ்மூத் பூஹமிதி, 13 வயதுச் சிறுவன் ஒமர் ஆகியோரே அவர்கள். நால்வரும் வெளியே வர மறுத்தனர். படையினர் வீட்டைத் தகர்த்தபோது அக்கம்பக்கத்தாரும் உயிரிழந்தனர்.

1966ல் வெளிவந்த ‘அல்ஜியர்ஸ் போர்’ திரைப்படத்தில் அந்த மறைவிடக் காட்சி இடம்பெற்றுள்ளது. அதில் துணிச்சலான ஒரு பெண்ணைப் பார்க்கிறோம். அவர் என்ன படிக்க விரும்பினார், அமைதியான நாட்டில் என்னவாகியிருப்பார் என்பதைப் படம் சொல்வதில்லை. வாழ்ந்து காட்டக் காலம் கிடைக்காதவரிடம் அதற்கான பதிலும் இல்லை.

ஹசீபா இறந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அல்ஜீரியா விடுதலை பெற்றது. இன்று ஷ்லெஃப் நகரப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாட்டுக்காகப் படிப்பை விட்டவரின் பெயரைத் தங்கள் பட்டச் சான்றிதழில் பெறுகிறார்கள் அங்குள்ள மாணவர்கள். உயிரா, உரிமையா என்று 18 வயதில் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. ஹசீபாவுக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னங்களில் எனக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது.