பிடி அரிசி கண்ட முதல் மந்திரி

மணியாச்சியிலிருந்து வடக்கே செல்லும் ரயில் கடம்பூரைத் தாண்டினால், கோவில்பட்டி வரையில் இருமருங்கும் கரிசல் காடுதான். பருத்தியும் கம்பும் வானத்தை நம்பி நிற்கும் பூமி. மழை பொய்த்த வருஷத்தில் குடியானவன் வீட்டு அடுப்பு அணையும். அவன் பிள்ளையின் படிப்பும் நிற்கும். இச்சீமைக்குச் சற்று வடக்கே, விருதுபட்டியில், 1903 ஜூலை 15-ந் தேதி பிறந்தவர் காமராஜ்.

அவர் வாசித்த க்ஷத்திரிய வித்தியாசாலையைச் சர்க்கார் நிறுவவில்லை. உலையில் இடுமுன் வீடுதோறும் ஒதுக்கிய பிடி அரிசியைத் திரட்டி ஊரார் போஷித்த கலாசாலை அது. எனினும், தந்தையை இழந்த சிறுவனின் படிப்பு ஆறாம் வகுப்போடு முடிந்தது. துணிக்கடை, காங்கிரஸ், 1930-ம் வருஷத்து உப்பு சத்தியாக்கிரகம், நெடிய சிறைவாசம் ஆகியவை யாவரும் அறிந்தவை.

1954 ஏப்ரலில் முதல் மந்திரியானதும், தமக்கு முன்னிருந்தவரின் அரை நாள் படிப்புத் திட்டத்தைக் கைவிட்டார். ஆனால் பள்ளியைத் திறந்து வைத்தால் மட்டும் பசித்த பிள்ளை வந்துவிடுமா? 1956-ல், இதே கரிசற் சீமையில், எட்டயபுரத்தில் மத்தியான உணவுத் திட்டத்தைத் துவக்கினார். முதலில் கஜானாப் பணம் இல்லை. ஊராரின் நன்கொடையே மூலதனம். பொதுக் கல்வி டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலு இலாகாவை இப்பணியில் முடுக்கிவிட்டார்.

தருமத்தை மட்டும் நம்பியிருந்தால் இத்திட்டம் கரிசலில் வேரூன்றியிராது என்பதே நம் அபிப்பிராயம். பஞ்ச காலத்தில் கொடுப்பவனே கடனாளியாகிறான். அன்றியும், கொடுத்தவர் கை ஓங்கிய கிராமத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைக்குப் பந்தியில் எந்த இடம் கிடைக்கும்? 1957-ல் சர்க்கார் உதவி வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் 10 நயா பைசாவில் 6 சர்க்காருடையது, 4 உள்ளூராருடையது. அந்த ஆறு பைசா, ஏழைப் பிள்ளையின் பிச்சையை உரிமையாக்கிற்று; நான்கு பைசாவோ, பள்ளிக் கணக்கைத் தட்டிக் கேட்கும் வாயை ஊராருக்குக் கொடுத்தது.

1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதலாவது கூடியது செங்கற்பட்டு ஜில்லாக் கடம்பத்தூரில். பெயர் ஒற்றுமையால் நம் கடம்பூரென்று மயங்க வேண்டாம். பள்ளிக்குக் குறைவது கட்டிடமா, பெஞ்சா, பூகோளப் படமா, சீருடையா என்று உபாத்தியாயரும் ஊராரும் கூடி ஜாபிதா எழுதினர். மகாஜனங்கள் சபையறிய வாக்களித்தனர். கோடிக்கணக்கில் பொருள் திரண்டது.

1963-ல் பதவி துறந்த காமராஜ், 1975 அக்டோபர் 2-ந் தேதி காலமானார். பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கே உரியதென்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் விதிக்கிறது. குழுக் கூடும் நாளில் கடம்பூர்ப் பக்கத்துத் தாய்மார் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார முடிகிறதா என்பதைச் சட்டம் விசாரிக்கவில்லை.