ஆலைத் தொழிலாளர்க்கு உழைத்த லோகண்டே

நம் கம்மாபுரம் வட்டாரத்தில் உழவொன்றையே நம்பியிருந்த குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இந்நாளில் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் ஆலைகளிலும் ஊழியம் புரிதலை அன்பர்கள் நன்கறிவர். நெய்வேலி அண்மையில் இருத்தலின் இஃது இயல்பே. ஆங்கு 2020 ஜூலை 1ஆம் நாள் கொதிகலன் வெடித்து அன்றே அறுவர் மாண்ட செய்தியை நம் ஊரார் மறந்திலர். வேலை செய்யுமிடத்தில் உயிரிழந்தவன் குடும்பத்தார்க்கும், கை கால் இழந்தவனுக்கும் நஷ்டஈடு உரியதென்பது இன்று யாவரும் எளிதாகப் பேசும் பேச்சாகிவிட்டது. ஒரு காலத்தில் அஃது எவரும் கனவிலும் கருதாத ஒன்று. அதனை நம் நாட்டில் முன்னரே கேட்டவருள் தலையாயவர் நாராயண மேகாஜி லோகண்டே என்பார். அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

லோகண்டே 1848ஆம் ஆண்டு பம்பாயை அடுத்த தானா நகரிற் பிறந்தவர். பூந்தோட்டம் வைத்துப் பிழைக்கும் மாலி வகுப்பினர். அவ்வகுப்பினரேயாகிய மகாத்மா ஜோதிராவ் புலேயின் சத்திய சோதக சமாஜத்திற் சேர்ந்து தொண்டாற்றினார். இளமையில் ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் சிறிது காலம் வேலை பார்த்தபின், பம்பாய்ப் பஞ்சாலை ஒன்றிற் பண்டசாலைக் கணக்கராக அமர்ந்தார். ஆலைத் தொழிலாளர் படும் பாட்டை ஆங்கே தம் கண்ணாரக் கண்டார்.

அக்காலத்து ஆலை எத்தகையதென்பதை ஒருவாறு சொல்லுதல் வேண்டும். நீராவி எந்திரம் ஒன்று சுழற்ற, கூரையை ஒட்டிய நீண்ட தண்டுகள் சுழலும். அவற்றினின்று தோல்வார்கள் இறங்கி ஒவ்வொரு பொறியையும் இயக்கும். ஓடும் பொறியை நிறுத்தாமலே பஞ்சுத் தூசியைத் துடைப்பதும் உண்டு. வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ வாரில் அகப்பட்டால் கையும் உடன் போம். 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அபாயமான பொறிகட்கு வேலியிடவும், விபத்து நேர்ந்தால் அறிவிக்கவும் விதித்தது. அடிபட்டவன் வயிற்றுக்கு வழி யாதென்பதைப் பற்றி அச்சட்டம் வாய்திறக்கவில்லை. 1855ஆம் ஆண்டுச் சட்டமொன்றன்படி, பிறர் குற்றத்தால் இறந்தவன் குடும்பத்தார் வழக்காடலாம். ஆயின் ஆலைக் கூலியின் விதவை எந்த வக்கீலை அமர்த்துவாள்?

லோகண்டே 1880 முதல் தீனபந்து என்னும் மராத்தி வாரப் பத்திரிகையை ஏற்று நடத்தினார். 1884இல் பம்பாய் சர்க்கார் தொழிற்சாலைக் கமிஷன் ஒன்று நியமித்தபொழுது, செப்டம்பர் மாதத்தில் பரேல் என்னுமிடத்தில் தொழிலாளரைக் கூட்டினார். ஏறத்தாழ 5,500 பேர் கையொப்பமிட்ட மனுவொன்று எழுந்தது. அதிலடங்கிய வேண்டுகோள்கள் ஐந்து. ஞாயிறு விடுமுறை, நண்பகலில் அரைமணி ஓய்வு, பொழுது சாயுமுன் வேலை நிறுத்தல், அடுத்த திங்கள் 15ஆம் நாளுக்குள் சம்பளம் என்பன நான்கு. ஐந்தாவதே எம் உள்ளத்தைக் கவர்ந்தது. வேலையிற் படுகாயமுற்றவனுக்குக் குணமாகும்வரை முழுச் சம்பளமும், ஆயுள் முழுதும் ஊனமுற்றவனுக்குப் பிழைப்பிற்கு ஏற்ற வழியும் செய்தல் வேண்டும் என்பது அது. தருமமாகக் கேட்டாரல்லர், கூலியைச் சார்ந்த கடனாகவே கேட்டார். ஜெர்மனி தேசத்தில் விபத்துக் காப்புச் சட்டம் பிறந்ததும் அதே 1884ஆம் ஆண்டு ஜூலையிலேதான். பரேல் மைதானத்தில் நின்ற ஆலைக் கூலிகள் உலகிற்குப் பிந்தியவர் அல்லர்.

அவர் தோற்றுவித்த பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்திற்குச் சந்தாவில்லை, நிதியில்லை, அங்கத்தினர் பட்டியலும் இல்லை என்று குறைகூறுவோர் உளர். உண்மையே. மாதச் சந்தா தண்டுதற்கு நம் சங்கத்தார் படும் பாட்டை அறிந்த யாம் அவரைக் குறைகூறத் துணியோம். 1890 ஏப்ரல் 24இல் மகாலக்ஷ்மி மைதானத்தில் அவர் கூட்டிய கூட்டத்திற்குப் பதினாயிரவர் வந்தனர். பெண்டிர் இருவர் எழுந்து பேசினர். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடுப்பகல் ஓய்வும் வார விடுமுறையும் இடம்பெற்றன. ஐந்தாவது வேண்டுகோளோ தீண்டுவாரற்றுக் கிடந்தது.

1896இல் பம்பாயிற் பிளேக் நோய் பரவிற்று. ஊரைவிட்டு ஓடியவர் பலர். லோகண்டே ஓடாமல் நோயாளர்க்குத் தொண்டு செய்தார். 1897 பிப்ரவரி 9ஆம் நாள் அந்நோய்க்கே இரையானார். அவர் இறந்த ஆண்டிலேயே இங்கிலாந்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது. நம் நாட்டிற்கு அத்தகைய சட்டம் வர 1923 ஆயிற்று. 1924 ஜூலை 1 முதல் அஃது அமுலுக்கு வந்தது. முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டுவதின்றி, வேலையின்பொருட்டு வேலையிடையே நேர்ந்த காயமாயின் ஈடு கிடைக்குமென்பது அதன் சிறப்பு. ஆயினும் இறந்தவன் குடும்பத்திற்கு 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இவற்றிற் குறைந்தது. தற்காலிகமாக வேலைக்காகாதவனுக்கோ பாதிச் சம்பள அளவே, அதுவும் முதற் பத்து நாள் நீங்கலாக. லோகண்டே கேட்டது முழுச் சம்பளமன்றோ!

இதனை யாம் இப்பொழுது எழுதுதற்குக் காரணம் ஒன்றுண்டு. எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன் சென்ற ஆண்டு பொறியொன்றில் வலக்கை விரல்கள் மூன்றனை இழந்தான். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவனாதலின், அவன் தம் ஆளே அல்லன் என்று இரு தரத்தாரும் கைவிரித்துவிட்டனர். சம்பளச் சீட்டு ஒன்றும் அவனிடமில்லை. இடக்கையால் கையொப்பமிடப் பழகிவருகின்றான். அவன் மனுவை யாமே எழுதிக்கொடுத்தோம். வரும் திங்கள் விசாரணை. அவனோடு ஒரே முறையில் வேலை செய்த நம்மவர் இருவர் சான்று கூற இசைந்துள்ளனர்; மூன்றாமவர் தம் வேலை போய்விடுமென்று அஞ்சித் தயங்குகின்றார். அவர் வீட்டிற்கும் இவ்விதழ் செல்லுகின்றது.