சாவித்திரிபாய் பூலே (1831–1897)

மாணவர்களே, சாவித்திரிபாய் பூலே 1831 இல் மகாராஷ்டிரத்தின் நைகாவ் கிராமத்தில் பிறந்தார். 1848 இல் கணவர் ஜோதிராவுடன் புனேயில் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலையை ஆரம்பித்தார். வீதியில் சேறும் சாணமும் எறியப்பட்டபோதும் கற்பித்தலைக் கைவிடவில்லை.

1890 இல் கணவர் காலமானார். பெண்கள் கொள்ளி வைக்காத அக்காலத்தில் சிதைக்குத் தாமே தீமூட்டினார். கணவர் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தின் பொறுப்பையும் ஏற்றார்.

1896 இல் பம்பாயை அடைந்த பிளேக் நோய் புனேக்கும் பரவியது. வைத்தியரான வளர்ப்பு மகன் யஷ்வந்துடன் நகருக்கு வெளியே சிகிச்சை நிலையம் அமைத்தார். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து வந்தபோது தொற்றுக்குள்ளாகி, 1897 மார்ச் 10 இல் இறந்தார்.

இவரைப் பற்றி எழுதும்போது பாடசாலையோடு நிறுத்திவிடாதீர்கள். துணையை இழந்தபின் வாழ்ந்த ஆண்டுகளையும் எழுதுங்கள். சொந்தத் துயரம் பொதுக் கடமையைத் தடுக்கவில்லை என்பதற்கு அவையே சான்று.