அவிழாத நொடியும் அறுபடாத காதும்

நொடி போடுவதும் அவிழ்ப்பதும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எங்கள் பாட்டிமாருக்கும் கைவந்த கலை. அந்தக் கலையின் உச்சத்தைத் தொட்ட ஒருவர் எமது திருகோணமலையையும் பாடியிருக்கிறார். அவர்தான் அருணகிரிநாதர்.

15ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்தவர் அவர். இளமையில் வழிதவறிப் பின் மனம் வெறுத்துக் கோபுரத்திலிருந்து குதித்தபோது முருகன் தாங்கிக்கொண்டான் என்பது மரபுக்கதை. அதன்பின் அவர் பாடிய திருப்புகழ்ப் பாடல்களில் 1,300க்கு மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. கதிர்காமத்துக்கும் கோணமலைக்கும் உரியவை அவற்றுள் அடங்கும். கோணமலைப் பாட்டில் அவர் சொல்லும் கோபுரம், கோயிலோடு சேர்த்துப் போர்த்துக்கீசரால் இடிக்கப்பட்டது. பாட்டு நிலைத்துவிட்டது.

பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார், புலவர்களை வாதுக்கு அழைத்துத் தோற்றவர் காதை அறுத்துவந்தார் என்பர். அவரோடு அருணகிரியார் வாதுக்கு அமர்ந்தார். இவர் பாடப்பாட அவர் பொருள் சொல்லவேண்டும். தோற்றால் காது போகும். அப்படிப் பிறந்ததே கந்தரந்தாதி. ஒவ்வொரு பாட்டிலும் நான்கு அடிகளும் ஒரே எழுத்துத் தொடரோடு தொடங்கும். பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறும். இலக்கண பாடத்தில் யமகம் என்று படித்தோமே, அதுதான். 53 பாட்டுகளுக்கு வில்லியார் சளைக்காமல் பொருள் சொன்னார். 54ஆவது பாட்டு முழுவதும் தகர வரிசை எழுத்துகளே. அங்கே அவர் வாயடைத்துப் போனார்.

அந்தப் பாட்டைப் பிரித்துப் பார்த்தால் அத்தி என்ற சொல்லே ஓரிடத்தில் கடல், ஓரிடத்தில் யானை, ஓரிடத்தில் எலும்பு. தீ என்பது நெருப்பாகவும் வரும், புத்தியாகவும் வரும். எலும்பை மூடிய தோற்பையாகிய இவ்வுடல் எரியும் நாளில் என் புத்தி உன்னையே பற்றியிருக்கவேண்டும் என்று முருகனிடம் கேட்பதே அதன் கருத்து. எலும்புகளின் பெயர்களை இரவிரவாக மனனம் செய்து மருத்துவம் படித்தவள் நான். நாக்குப் புரளாத அந்த நாலு வரிக்குள் நோயும் மரணமும் பார்த்த ஒரு மனம் இருப்பதை நான் அறிந்துகொண்டது, நோயாளர் மத்தியில் பல ஆண்டுகள் கழித்த பின்புதான்.

வென்றவர் காதை அறுக்கவில்லை. தம் நொடியைத் தாமே அவிழ்த்துப் பொருள் சொன்னார். இனி யார் காதையும் அறுக்கவேண்டாம் என்று வில்லியாரைத் தடுத்தார். கருணைக்கு அருணகிரி என்ற பெயர் அதனால் வந்தது.

காதை அறுத்துவிட்டால், சொல்லும் விளக்கத்தை அவர் எதனால் கேட்பது? பழைய மாணவியரில் எத்தனையோ பேர் இன்று உலகெங்கும் ஆசிரியர்களாகவும் தாய்மாராகவும் இருக்கிறோம். விடை தெரியாத பிள்ளையை வாங்கின் மேல் ஏற்றி நிறுத்துவது சுலபம். பக்கத்தில் அமர்ந்து, சொல்லைப் பிரித்துக் காட்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.