ஜார்ஜ் குரோஸ்

ஜார்ஜ் குரோஸ் (ஜூலை 26, 1893 - ஜூலை 6, 1959) ஜெர்மனியைச் சேர்ந்த ஓவியரும் கேலிச்சித்திரக் கலைஞரும் ஆவார். மனித உருவங்களைக் கோணலாகவும் மிகைப்படுத்தியும் காட்டும் கறுப்பு மைக் கோட்டோவியங்களுக்காக அறியப்படுகிறார். இவ்வோவியங்களுக்காக மூன்று முறை நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டார்.

வாழ்க்கை

பெர்லினில் பிறந்த இவர், பொமரேனியாவின் ஸ்டோல்ப் நகரில் வளர்ந்தார். சிறுவயதிலேயே தந்தை இறந்தார். 1909 முதல் 1911 வரை டிரெஸ்டன் கலைக் கல்லூரியிலும் பின்னர் பெர்லினிலும் பயின்றார்.

1914 இல் தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். உடல்நலக் குறைவால் அடுத்த ஆண்டு விடுவிக்கப்பட்டார். 1916 இல், ஜெர்மானியத் தேசிய வெறிக்கு எதிர்ப்பாகத் தமது பெயரின் எழுத்துக்களை மாற்றிக்கொண்டார். (தமிழில் எழுதும்போது இவ்வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது.) 1917 இல் மீண்டும் படைக்கு அழைக்கப்பட்டு, மனநலம் குன்றியதால் அதே ஆண்டில் நிரந்தரமாக விடுவிக்கப்பட்டார். அதன்பின் பெர்லின் டாடா இயக்கத்தில் பங்குபெற்றார். பொதுவுடைமைக் கட்சியிலும் சேர்ந்தார். 1922 இல் சோவியத் ரஷ்யா சென்று திரும்பிய பின் அதிலிருந்து விலகினார்.

கோட்டோவியங்கள்

சிறுவர்களின் கிறுக்கல்களையும் கழிப்பறைச் சுவர்ப் படங்களையும் கவனித்து இவர் தமது கோட்டினை உருவாக்கிக்கொண்டார். நிழலோ திரட்சியோ இல்லாத மெல்லிய, கூரிய கோடு அது. அழகாக வரையத் தெரியாமல் அல்ல, முறையான கல்லூரிப் பயிற்சியை வேண்டுமென்றே கைவிட்டே இவ்வாறு வரைந்தார். அதிகாரிகளுக்குத் தடித்த கழுத்து, பருத்த தாடை; போரில் ஊனமுற்றவர்களுக்கு மரக்கால். ஒருவர் உடல் வழியே மற்றொருவர் தெரியுமாறும் வரைவதுண்டு.

முதல் உலகப்போர்க் காலத்தில் வரைந்த ஓர் ஓவியத்தில், இராணுவ மருத்துவர் ஒருவர் எலும்புக்கூட்டைப் பரிசோதித்துப் போருக்குத் தகுதியானது எனச் சான்றளிக்கிறார். சுற்றிலும் அதிகாரிகள் அலட்சியமாக நிற்கின்றனர். இதில் எலும்புக்கூட்டை விட உயிருள்ளவர்களே விகாரமாகத் தோன்றுகின்றனர். குரோஸின் கலையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு படமே போதுமானது எனலாம்.

வழக்குகள்

இவ்வோவியம் இடம்பெற்ற, இராணுவத்தை எள்ளும் தொகுப்பு 1920 இல் வெளியானது. இராணுவத்தை அவமதித்ததாக 1921 இல் இவருக்கு 300 மார்க் அபராதம் விதிக்கப்பட்டது. 1923 இல் வெளியான எக்கே ஹோமோ தொகுப்பு ஆபாசமானது எனக் குற்றஞ்சாட்டப்பட்டு மீண்டும் அபராதம் விதிக்கப்பட்டது.

மூன்றாவது வழக்கே நீண்டது. யாரொஸ்லாவ் ஹாசெக்கின் சுவெய்க் நாவலை எர்வின் பிஸ்காட்டர் 1928 இல் மேடையேற்றியபோது, திரையில் காட்டுவதற்காகக் குரோஸ் பல படங்கள் வரைந்தார். அவற்றுள் 17 தனித் தொகுப்பாக அச்சிடப்பட்டன. அதில் ஒரு படத்தில், சிலுவையில் தொங்கும் மெலிந்த இயேசு நச்சுவாயு முகமூடியும் படைவீரர் காலணியும் அணிந்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டு சேவையைத் தொடருமாறு கட்டளையிடுகிறது படத்தின் தலைப்பு. போர்க்களத்துக்கு ஆசி வழங்கிய திருச்சபையினரைச் சாடுவதே நோக்கமாயினும், தெய்வ நிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. 1928 டிசம்பரில் குரோஸுக்கும் பதிப்பாளர் வீலாண்ட் ஹெர்ஸ்ஃபெல்டேக்கும் தலா 2000 மார்க் அபராதம் விதிக்கப்பட்டது. 1929 இல் விடுதலை, 1930 இல் அது ரத்து, அவ்வாண்டு இறுதியில் மீண்டும் விடுதலை எனச் சென்று 1931 இல்தான் வழக்கு முடிந்தது.

அமெரிக்காவில்

1932 இல் நியூயார்க்கில் கற்பித்த குரோஸ், 1933 ஜனவரியில், இட்லர் பதவியேற்பதற்குச் சில நாட்களுக்கு முன், ஜெர்மனியை விட்டு நிரந்தரமாக வெளியேறினார். நாசிகள் 1937 இல் நடத்திய இழிகலைக் கண்காட்சியில் இவரது படைப்புகளும் ஏளனத்துக்காக வைக்கப்பட்டன. 1938 இல் இவரது ஜெர்மானியக் குடியுரிமை பறிக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்கக் குடிமகனானார்.

அங்கு நிலக்காட்சிகளும் உருவ ஓவியங்களும் வரைந்தார். பழைய கூர்மை அவற்றில் குறைவு என்பதே பொதுவான கருத்து. எனினும் போர் ஆண்டுகளில் வரைந்த இருண்ட எண்ணெய் ஓவியங்களை அக்கணக்கில் சேர்க்க முடியாது. தன்வரலாற்று நூல் 1946 இல் வெளியானது.

1959 இல் பெர்லினுக்குத் திரும்பிய குரோஸ், சில வாரங்களிலேயே படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்தார்.